செடம் செடி: உரம் போட்டுக் கெடுக்காதீர்கள்

கோடைப் பூக்களெல்லாம் ஓய்ந்து தோட்டம் வெறிச்சோடும் நேரத்தில்தான் செடம் பூக்கத் தொடங்கும். ஸ்டோன்கிராப் என்றும் சொல்வார்கள். இலையைக் கிள்ளினால் சதையும் நீருமாக இருக்கும். தண்ணீரைத் தானே சேர்த்து வைத்துக்கொள்கிற செடி இது. நாம் பாசத்தைக் காட்டினால்தான் பிரச்சினை.

ஒரு விஷயம்: நான் இங்கே சொல்வது செடத்தில் உயரமாக வளரும் வகைகளை. இவை குளிர்காலத்தில் தரைக்குமேல் காய்ந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்ப்பவை. குளிரே இல்லாத ஊருக்குச் சரிப்படாது. முதல் செடியாக 'ஆட்டம் ஜாய்' வாங்குங்கள். ஜெர்மனியின் கியோர்க் ஆரண்ட்ஸ் நர்சரியில் உருவான பழைய ரகம், எளிதில் சாகாது.

முதலில் இடம். குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பல மணி நேரம் கழித்தும் குளமாக நின்றால் அங்கே நடாதீர்கள், வேர் அழுகிவிடும். வேறு இடம் இல்லையென்றால் மண்ணை மேடாக்கி, சரளை கலந்து நடலாம்.

வசந்தத்தில் நடுவது நல்லது. தொட்டியில் இருந்த அதே ஆழம், செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி. வேர் பிடிக்கும்வரை, மேல்மண் காய்ந்ததும் தண்ணீர். அப்புறம் நீண்ட வறட்சி வந்தால் மட்டும் போதும்.

உரம்? வேண்டாம். முதல் வருடம் நான் ஆசையாக இரண்டு கூடை தொழுவுரம் போட்டேன். செடி மளமளவென்று வளர்ந்தது. பூங்கொத்து கனத்ததும் தண்டுகள் நாலாபுறமும் சாய்ந்து, நடுவகிடு எடுத்த தலை மாதிரி ஆகிவிட்டது. நிழலில் நட்டாலும் இதே கதிதான்.

சாயாமல் இருக்க ஒரு வழி கவாத்து. கோடை தொடங்கும்போது, மொட்டு வைக்குமுன், ஒவ்வொரு தண்டின் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கை நுனிப்பக்கமிருந்து வெட்டிவிடுங்கள். பூ கொஞ்சம் தாமதமாகும், கொத்தும் சிறுத்துப்போகும். ஆனால் செடி குட்டையாக, கிளைத்து, நிமிர்ந்து நிற்கும்.

வெட்டியதைத் தூக்கி எறியாதீர்கள்! 8 முதல் 10 செ.மீ. துண்டாக்கி, அடி இலைகளை நீக்கி, ஒரு நாள் நிழலில் போட்டுவையுங்கள். வெட்டிய வாய் உலர்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் செருகினால் சில வாரங்களில் வேர் விடும். ஈரத்தோடு செருகினால் அழுகல்தான்.

முதலில் பிராக்கோலி மாதிரி பச்சை மொட்டுக்கொத்து வரும், பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் செம்பழுப்பு. தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தேடி வரும். காய்ந்த கொத்தை உடனே வெட்ட வேண்டாம், குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்கட்டும். அடியில் குட்டி முட்டைக்கோஸ் போலப் புதுத் துளிர் தெரியும்போது பழைய தண்டை ஒட்ட நறுக்குங்கள்.

மூன்று நான்கு வருடத்தில் தூரின் நடுப்பகுதி வெறுமையாகும். அப்போது வசந்தத்தில் முழுத் தூரையும் பெயர்த்து, ஒவ்வொரு பங்கிலும் வேரும் துளிரும் இருக்கும்படி பிளந்து நடுங்கள். மண்வெட்டி விளிம்பால் ஒரே குத்தாகக் குத்தலாம், பயப்பட வேண்டாம்.