எக்ஸாடிக் லெதர்ல கிட்டார் ஸ்ட்ராப்: முதல் தடவை பண்றவங்களுக்கு

பாம்புத்தோல் ஸ்ட்ராப், முதலைத்தோல் ஸ்ட்ராப்னு சொல்றோமே தவிர உண்மையில கிட்டாரோட வெயிட்ட தாங்குறது அடியில இருக்குற மாட்டுத்தோல்தான், மேல மினுக்குறது எல்லாம் சும்மா அழகுக்கு. இத மனசுல வெச்சுகிட்டா டிசைன் தானா வந்துரும். அதனால இங்க சொல்லப் போறது ஜன்னல் முறை: மாட்டுத்தோல்ல ஒரு ஜன்னல் வெட்டி, அதுக்குப் பின்னாடி எக்ஸாடிக் தோல, அதாவது பாம்பு, முதலை, நெருப்புக்கோழி மாதிரி அபூர்வமான தோல, ஒட்டி தைக்கிறது. கொஞ்சூண்டு துண்டு போதும், தோலோட ஓரமெல்லாம் ஃப்ரேமுக்கு அடியில போயிரும், செதில் பிரிஞ்சு சட்டையில மாட்டுற தொல்லையும் இல்ல.

எந்த தோல்?

முதல் ஸ்ட்ராப்புக்கு என் ஓட்டு நெருப்புக்கோழிக்குதான். நல்லா வளையும், சுத்தமா வெட்டுப்படும், உறுதியும் ஜாஸ்தி. மலைப்பாம்பு ரொம்ப மெல்லிசு, பாக்க பயங்கர ஸ்டைலா இருக்கும், பசைய அள்ளிப் பூசாம இருந்தா அதுவும் ஓகே. முதலை விலைக்கு பயந்தே கை நடுங்கும், ரெண்டாவது மூணாவது ஸ்ட்ராப்புக்கு வெச்சுக்கோங்க. திருக்கை வேண்டவே வேண்டாம், அதோட மேல்பக்கம் முழுக்க பல்லு மாதிரி கெட்டியான மணிங்க, பிளேடு மழுங்கும், ஊசி உடையும், ட்ரில் போட்டுதான் தைக்கணும்.

வாங்கும்போது ஒரிஜினலான்னு பாருங்க. நெருப்புக்கோழித் தோல்ல இறகு முளைச்ச ஒவ்வொரு புடைப்பிலயும் குட்டி குழி இருக்கும், புடைப்புங்க ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரி இருக்காது. மாட்டுத்தோல்ல அச்சு குத்துனதுன்னா கொஞ்ச தூரத்துல அதே டிசைன் திரும்ப வந்துரும். முதலைன்னா வயித்துச் செதில்ல ஓரத்துகிட்ட ஊசி குத்துன மாதிரி ஒரு சின்ன புள்ளி தெரியும், அலிகேட்டர் வயித்துல அந்தப் புள்ளி இருக்காது.

பேப்பர் விஷயத்த அலட்சியமா விடாதீங்க. அழியுற ஆபத்துல இருக்குற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்த 1973ல கையெழுத்தாகி 1975ல அமலுக்கு வந்த சைட்டிஸ்ங்கற உலக ஒப்பந்தத்துல முதலை இனம் எல்லாமே இருக்கு, மலைப்பாம்பும் இருக்கு. தோலா இருந்தாலும் சரி தைச்சு முடிச்ச ஸ்ட்ராப்பா இருந்தாலும் சரி, நாட்டு எல்லை தாண்டினா பெர்மிட் கேக்கலாம். விக்கிறவர்கிட்ட பேப்பர் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னு இழுத்தா கெளம்பிருங்க. பண்ணையில வளர்த்த நெருப்புக்கோழிக்கு பொதுவா இந்த தலைவலி கிடையாது, நான் அத சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மத்த சாமான்

மேல் ஃப்ரேமுக்கு 1.5 மிமீ மாட்டுத்தோல், அடிக்கு 2 மிமீ, ரெண்டுமே வெஜ் டேனா (மரப்பட்டை மாதிரி தாவரச் சாறுல பதப்படுத்தினது) இருக்கட்டும், க்ரோம் டேன்ல (குரோமியம் உப்புல பதப்படுத்தினது) ஓரம் தேச்சாலும் பளபளன்னு வராது. அடிக்கு ரப்பர், வினைல் எல்லாம் போடாதீங்க, நைட்ரோ லேக்கர்ங்கற வார்னிஷ் அடிச்ச கிட்டார்ல அது பட்டுகிட்டே இருந்தா ஃபினிஷ் உருகி கறை புடிச்சிரும். அப்புறம் கட்டர், ஸ்டீல் ரூலர், தையல் ஓட்டை போட 4 மிமீ இடைவெளி பஞ்ச், வட்ட ஓட்டை போட ரவுண்ட் பஞ்ச், குத்தூசி, நைலான் சுத்தி, காண்டாக்ட் சிமெண்ட் (ரெண்டு பக்கமும் பூசி ஒட்டுற பசை), 0.8 மிமீ மெழுகு நூல், மொட்டை ஊசி ரெண்டு.

ஸ்டெப் 1: வெட்டுறது

மெயின் பீஸ் 60 மிமீ அகலம், 95 செமீ நீளம், பேஸ் கிட்டாருக்கு 75 மிமீ வரைக்கும் போகலாம். அடித்தோல கரெக்டா வெட்டுங்க, மேல்தோல மட்டும் ஒரு செமீ கூடுதலா விடுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஜன்னல் 35 மிமீ அகலம், 30 செமீ நீளம், தோள்ல இருந்து நெஞ்சுக்கு வர்ற பக்கத்துல, ஏன்னா பாக்குறவங்களுக்கு தெரியுறது அந்த இடம்தான். மூலைய கட்டர்ல வெட்டாதீங்க, நாலு மூலையிலயும் 10 மிமீ ரவுண்ட் பஞ்ச் அடிச்சிட்டு நடுவுல நேர்கோடா இழுங்க. கூர் மூலைதான் பின்னாடி கிழியும்.

எக்ஸாடிக் துண்டு ஜன்னல விட சுத்தி 6 மிமீ பெருசு, அதாவது 47 மிமீ அகலம். பின்பக்கம் கோடு போட்டு வெட்டுங்க. பாம்புன்னா வெட்டுறதுக்கு முன்னாடி விரலால தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் செதில் தடுக்கும். தோள்ல இருந்து கீழ தடவும்போது வழுக்குற மாதிரி வையுங்க.

ஸ்டெப் 2: ஜன்னல ஒட்டித் தைக்கிறது

நிறைய பேரு கோட்டை விடுற இடம் இது. எக்ஸாடிக் தோலோட மேல்பக்கம் பாலிஷ் போட்டிருக்கும், அதுல பசை புடிக்காது, ரெண்டு நாள் கழிச்சு பேசாம உரிஞ்சு வரும். அதனால ஃப்ரேமுக்கு அடியில போற அந்த 6 மிமீ ஓரத்த மட்டும் 220 நம்பர் உப்புத்தாளால லேசா தேய்ங்க, ஜன்னல்ல தெரியுற பக்கம் டேப் ஒட்டி மறைச்சுக்கோங்க. நெருப்புக்கோழி கொஞ்சம் தடிமன், அதனால அந்த ஓரத்த பின்னாடி இருந்து கத்தியால சீவி மெல்லிசாக்கணும், இல்லன்னா மேல ஒரு மேடு தெரியும்.

காண்டாக்ட் சிமெண்ட் ரெண்டு பக்கமும் மெல்லிசா பூசி, தொட்டா விரல்ல ஒட்டாம லேசா பிசுக்குற வரைக்கும் காத்திருந்து அப்புறம் சேருங்க, சேந்துட்டா நகர்த்த முடியாது. தோல இழுத்துப் புடிச்சு ஒட்டாதீங்க, அது திரும்ப சுருங்கி ஃப்ரேமையும் சுருக்கிரும்.

இப்போ ஜன்னல் ஓரத்துல இருந்து 3 மிமீ தள்ளி சுத்தி பஞ்ச் அடிச்சு தைங்க. நூலுக்கு ரெண்டு முனையிலயும் ஊசி, ரெண்டு ஊசியும் ஒரே ஓட்டைக்குள்ள எதிரெதிரா போகணும், ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் இன்னொரு பக்கம் புடிச்சுக்கும். நூல் நீளம் தையல் நீளத்துல நாலு மடங்கு எடுங்க. முடிச்செல்லாம் பின்பக்கம் வரட்டும், அடித்தோல் வந்து மூடிரும்.

ஸ்டெப் 3: வளைச்சு ஒட்டுறது

அடித்தோல டேபிள்ல தட்டையா வெச்சு ஒட்டினா தோள்ல போட்டதும் உள்பக்கம் சுருக்கம் சுருக்கமா விழும். ஸ்ட்ராப் வாழப்போறது வளைஞ்சுதானே, அதனால வாளி மாதிரி உருண்டையா ஏதாவது எடுத்து, தோள் வர்ற பகுதிய மட்டும் அது மேல வளைச்சு வெச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்திகிட்டே வாங்க. வளைவுல வெளிப்பக்கத் தோலுக்கு நீளம் கொஞ்சம் அதிகமா வேணும், அந்த ஒரு செமீ அதுக்குதான். மிச்சம் நிக்கிறத வெட்டிட்டு, ஓரத்துல இருந்து 4 மிமீ தள்ளி சுத்தி தைங்க.

ஸ்டெப் 4: பட்டன் ஓட்டை

கிட்டார்ல ஸ்ட்ராப்ப மாட்டுற குமிழ்தான் பட்டன், அதுக்கு நுனியில இருந்து 25 மிமீ தள்ளி 8 மிமீ ஓட்டை. அதுல இருந்து 15 மிமீ கீறல், கீறல் முடியுற இடத்துல கிழியாம இருக்க 2 மிமீ குட்டி ஓட்டை. கீறல் ஸ்ட்ராப்போட நடுப்பக்கம் பாத்து இருக்கணும், நுனிப்பக்கம் இல்ல! பட்டன் எப்பவும் நுனிப்பக்கமாதான் இழுக்கும், அங்க கீறல் இருந்தா கிட்டார் நேரா தரைக்குதான். புதுசுல டைட்டா இருந்தா பெருசு பண்ணாதீங்க, நாலு தடவை மாட்டி கழட்டினா சரியாயிரும்.

ஸ்டெப் 5: வால்

நீளம் கூட்டிக் குறைக்கிற பகுதி. 3 மிமீ தோல்ல 65 செமீ பட்டை, ஒரு முனை 40 மிமீ அகலம், அதுல இன்னொரு பட்டன் ஓட்டை, மிச்சமெல்லாம் 18 மிமீ. நடுவுல 5 செமீக்கு ஒண்ணா 20 மிமீ கீறல் நீளவாக்குல போட்டு ரெண்டு முனையிலயும் 3 மிமீ ஓட்டை அடிங்க. மெயின் பீஸோட காலி முனையில குறுக்க ரெண்டு பட்டை ஓட்டை வெட்டி, வால பின்னாடி இருந்து முன்னாடி கொண்டாந்து திரும்ப உள்ள விட்டு, நுனிய அதே வாலோட ஒரு கீறல்ல சொருகிட்டா போதும், வெயிட் ஏற ஏற இறுகிக்கும்.

ஓரத்த பெவலர்ங்கற ஓரம் சீவுற கருவியால சீவி, 400 அப்புறம் 600 நம்பர் உப்புத்தாள் போட்டு, லேசா தண்ணி தொட்டு மரக்கட்டையால பளபளக்குற வரைக்கும் தேய்ங்க. தண்ணி ஜன்னல் பக்கம் போகவே கூடாது. ஷூ பாலிஷும் எண்ணெயும் கூட பாம்பு, முதலைத் தோலுக்கு ஆகாது, செதில் இடுக்குல போய் அழுக்க புடிச்சு வெச்சுக்கும், ரெப்டைல் கண்டிஷனர் ஒரு சொட்டு துணியில எடுத்து துடைச்சா போதும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஈரமான வெள்ளைத் துணியால அடிப்பக்கத்த அழுத்தித் தேச்சுப் பாருங்க, கலர் ஏறினா வேர்வையில சட்டைக்கும் ஏறும், சாயம் வராத வரைக்கும் துடைங்க. அப்புறம் மெத்தை பக்கத்துல நின்னு கிட்டார மாட்டி, கையால புடிச்சுகிட்டே நல்லா கீழ இழுத்துப் பாருங்க. லெஸ் பால் மாதிரி நாலு கிலோ கிட்ட வர்ற கிட்டார்னா ஒரு மாசம் கழிச்சு அந்த ரெண்டு பட்டன் ஓட்டையையும் இன்னொரு தடவை செக் பண்ணிருங்க, லூசா தெரிஞ்சா ஸ்ட்ராப் பட்டன்ல இருந்து கழண்டு வராம பூட்டி வெக்கிற ஸ்ட்ராப் லாக் போட்டுக்கலாம்.