'நன்றி ஐயா' மட்டும் மரியாதை ஆகாது: ஆசிரியர் கற்றல் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாவால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பெருகிய ஆசிரியர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் பள்ளிகள் திறந்த பிறகும் கலைந்துவிடவில்லை. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் வரும்வரை காத்திருந்து கேட்ட ஐயங்களை இப்போது அன்றன்றே கேட்டுவிட முடிகிறது. 2022-இல், தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பயிற்சித்தாள், துணைக்கருவி, பாடல், மதிப்பீட்டுக் குழப்பம் என எல்லாம் பெரும்பாலும் இந்தக் குழுக்கள் வழியாகவே கைமாறுகின்றன. இங்கே வசைச்சொல் அரிது. சார், டீச்சர், ஐயா, அம்மா என்றே அழைத்துக்கொள்கிறோம். ஆயினும் இந்த விளிகளோடு சேர்ந்தே, கேட்க வந்தவரின் வாயை அடைக்கும் பழக்கங்கள் சிலவும் வேரூன்றியிருக்கின்றன. கற்பதற்கென்று கூடிய இடத்தில் ஒருவர் தமக்குத் தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் மரியாதையை அளக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அவற்றுள் மிக மோசமானது, குழந்தைகளின் விடைத்தாளைப் படமெடுத்து வேடிக்கைக்காகப் பகிர்வது. மூன்றாம் வகுப்புக் குழந்தை 'முந்நூற்று நான்கு' என்பதை எண்ணால் 3004 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் குழுவில் விழுந்த நிமிடத்திலிருந்து சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டுகின்றன. 'வருங்கால நிதியமைச்சர்' என்று ஒருவர் எழுதுகிறார். உண்மையில் அந்த விடையில் சிரிக்க ஒன்றுமில்லை. முந்நூறு என்றால் 300 என்றும் நான்கு என்றால் 4 என்றும் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. காதில் விழுந்த வரிசையில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டது. இடமதிப்பு மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை. 300 என்று எழுதிய அட்டையின் கடைசிச் சுழியத்தை மறைத்து 4 என்ற அட்டையை மேலே வைத்துக் காட்டலாம். மூன்று நூறு கட்டுகளையும் நான்கு தனிக் குச்சிகளையும் அடுக்கி, பத்துகளுக்கான இடம் வெறுமையாக இருப்பதைக் குழந்தையையே பார்க்கச் செய்யலாம். அதே படத்தைக் குழந்தையின் பெயர், வரிசை எண், பள்ளி முத்திரை ஆகியவற்றை மறைத்து, 'இப்படி எழுதும் குழந்தைக்கு நீங்கள் எதிலிருந்து தொடங்குவீர்கள்?' என்ற கேள்வியோடு அனுப்பியிருந்தால், அன்றைய குழு உரையாடல் நல்ல பயிற்சி வகுப்பாகவே அமைந்திருக்கும்.

சிற்றூர்களில் கையெழுத்தைக் கண்டே 'இது இன்னார் வீட்டுப் பிள்ளை' என்று சொல்லிவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையோடு சேர்த்தே தடைசெய்திருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள், குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் போன்றோரின் செய்தியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவர்களை அடையாளம் காட்டும் பெயர், பள்ளி, படம் எதையும் எந்தத் தகவல்தொடர்பு வழியிலும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'உதவி கிடைக்கட்டும் என்றுதான் போட்டேன்' என்ற நல்லெண்ணத்தில் இந்தத் தவறு நடப்பதுதான் வருத்தம் தருகிறது.

அடுத்தது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்புவது. 'என் வகுப்பில் நான்கு பேர் இன்னும் அரும்பு நிலையிலேயே இருக்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை' என்று ஓர் ஆசிரியை மனம் திறந்து எழுதுகிறார். (எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை கற்றல் நிலைகள்; அரும்பு தொடக்க நிலை.) அன்று மாலையே அது வேறு குழுக்களைச் சுற்றி, மேலதிகாரியின் கைப்பேசியையும் எட்டிவிடுகிறது. மறுநாள் அவரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. அதன் பிறகு அந்தக் குழுவில் எல்லா வகுப்பிலும் எல்லாக் குழந்தைகளும் மலர்ந்துவிடுவார்கள், சுவரொட்டிப் படங்கள் மட்டுமே வரும். வட்டாரக் கல்வி அலுவலரோ ஆசிரியர் பயிற்றுநரோ குழுவில் இருந்தால், இங்கே சொல்லப்படும் வகுப்பறைச் சிக்கல் எதுவும் ஆய்வுக் குறிப்பாக மாறாது என்று அவர்களே ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. அந்த உறுதியை வேறு யாரும் தர முடியாது.

தவறைத் திருத்தும் முறையில் நாம் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். பகா எண்களின் பட்டியலில் 1-ஐயும் சேர்த்து ஒருவர் பயிற்சித்தாள் தயாரித்துவிடுகிறார். 'கணக்கு டீச்சருக்கே இது தெரியலையா?' என்று கேட்பவர் ஒரு வகை. 'நமக்கெதற்கு, மனம் நோகும்' என்று பார்த்தும் பேசாமல் இருப்பவர் மற்றொரு வகை. இரண்டாமவரின் மௌனத்தை நாம் பெருந்தன்மை என்று கருதுகிறோம், நான் அப்படிக் கருதவில்லை. அந்தத் தாள் ஏற்கெனவே பல பள்ளிகளில் அச்செடுக்கப்பட்டிருக்கும். முதலில் தயாரித்தவருக்கே தனிச்செய்தியில் சொல்லி, அவரே திருத்திய கோப்பை இடும் வாய்ப்பைத் தர வேண்டும். அவர் பார்க்கத் தாமதமானால் குழுவில் இப்படி எழுதலாம்: 'மூன்றாம் வினாவில் 1 இடம்பெற்றுள்ளது. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வகுத்திகள் இருக்க வேண்டும். 1-க்கு ஒன்றுதான் உள்ளது. அச்செடுப்பதற்கு முன் இதை மட்டும் நீக்கிவிடுங்கள்.' ஒருவர் சொன்ன பிறகு இன்னும் பத்துப் பேர் அதையே வழிமொழிய வேண்டியதில்லை.

பயிற்சித்தாளின் அடியில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுத் தம் பள்ளியின் பெயரைப் பொறித்து அனுப்பும் வழக்கமும் பரவலாக உள்ளது. 'கல்விக்குத்தானே' என்பார்கள். கற்பித்தலின்போது படைப்புகளைப் படியெடுத்துப் பயன்படுத்த 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர்களுக்கு இடம் தருவது உண்மைதான். ஆனால் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைத்தவருக்கே தந்திருக்கிறது. இரவு வெகுநேரம் உட்கார்ந்து படம் வரைந்தவருக்கு நாம் தரக்கூடிய கூலியும் அந்தப் பெயர் மட்டுமே. மாற்றங்கள் செய்திருந்தால், 'இன்னார் தயாரித்ததைத் தழுவியது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் சேரும்போது நம் கைப்பேசி எண் பெரும்பாலும் மற்ற உறுப்பினர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த எண்ணை எடுத்து ஆசிரியைகளுக்கு இரவில் தனியே 'சாப்பிட்டீங்களா?' என்று செய்தி அனுப்புவோர் இருக்கிறார்கள். இது நட்பு அல்ல, அத்துமீறல். பாட ஐயம் என்றால் குழுவிலேயே கேட்கலாம். இதனால் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறிய ஆசிரியைகளின் அனுபவம் குழுவுக்கு இழப்பு என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதே இல்லை.

சாதி, மதம், கட்சி சார்ந்த பார்வர்டுகள் கற்றல் குழுவுக்குரியவை அல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆறு நிமிடக் குரல்பதிவும் பள்ளி வேளையில் யாருக்கும் பயன்படாது; அதையே நான்கு வரியில் எழுதிவிடலாம்.

அதிகாரி ஒரு சுற்றறிக்கையை இட்டதும் பொழியும் கைகூப்பல்களையும் 'நன்றி ஐயா'க்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குச் சற்று முன்புதான் புதிதாகப் பணியில் சேர்ந்த ஒருவர், இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து எப்படி நடத்துவது என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி நன்றிகளுக்கு அடியில் புதைந்துபோகும். அவரும் மறுமுறை கேட்க மாட்டார். செய்தியின் மேலேயே விருப்பக் குறியிடும் வசதி இருக்கும்போது நன்றியை அங்கேயே சொல்லிவிடலாம்.

அட்மின்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முறையற்ற பதிவைக் கண்டால் உடனே அழிக்கலாம். ஆனால் பதிந்தவரைக் காரணம் சொல்லாமல் நீக்குவதும் நான்கு பேர் முன்னிலையில் விசாரிப்பதும் தவறே. ஏன் அழித்தோம் என்பதை அவருக்குத் தனியே தெரிவித்து, மீண்டும் நிகழ்ந்தால் மட்டும் நீக்கலாம். ஆசிரியைகளுக்கு வரும் தொல்லைச் செய்திகளுக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு பொருந்தாது. அங்கே முறையிட்டவரின் பெயரை வெளியிடாமல், செய்தி அனுப்பியவரை அன்றே நீக்கிவிட வேண்டும். முறையிட்டவர் மேற்கொண்டு புகார் தர விரும்பினால் பள்ளிக் கல்வித் துறையிலோ காவல் நிலையத்திலோ காட்டுவதற்காக அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி சொல்ல வேண்டும்.