மலை ஊர்ல நம்ம தெரு பிரச்சனைய நகராட்சில கொண்டு போய் முடிக்கறது எப்படி

எங்க வீட்டுக்கு மெயின் ரோட்டுலேர்ந்து 64 படி இறங்கணும். வண்டி வராது, கேஸ் சிலிண்டர் தோள்ல தான் வரும், உடம்பு முடியாதவங்கள பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டு தான் மேல ஏத்தணும். அந்தப் படிய ஒட்டுன தடுப்புச் சுவர் மூணு வருஷமா வயிறு தள்ளி நின்னுச்சு. கவுன்சிலர எங்க பாத்தாலும் சொல்லுவோம், அவங்களும் "பாத்துக்கலாம்க்கா"ன்னு சொல்லுவாங்க, ஓவர்சியர் ஒரு தடவ வந்து பாத்துட்டு கூட போனாரு. அப்புறம் ஒரு ஐப்பசி மழைல, ராத்திரி ஒரு மணி இருக்கும், பாதிச் சுவர் படி மேல சரிஞ்சு விழுந்துருச்சு. அந்த நேரத்துல யாரும் நடக்கல, அதனால உயிர் போகல. காலைல ஆபீஸ்ல போய் நின்னா "இந்த எடத்தப் பத்தி மனு எதுவும் எங்க ஃபைல்ல இல்லீங்களே"ன்னாங்க. தேடிப் பாத்தா நெசமாவே இல்ல. மூணு வருஷமா வாயால சொன்னது ஒண்ணு கூட காகிதத்துல ஏறல.

ஊர் பேரு வேண்டாம், நீலகிரில எந்த ஊர எடுத்தாலும் இப்படி ஒரு படியும் ஒரு சுவரும் இருக்கும். அதுக்கப்புறம் தெருவா சேந்து நாங்க கத்துக்கிட்டத எழுதறேன், கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கும் இது பொருந்தும்.

மொதல்ல அந்த எடம் யாரோடதுன்னு கண்டுபிடிங்க. கீழ ஊர்கள்ல இது பெரிய விஷயமில்ல, மலைல இது தான் பாதி வேலை. குன்னூர்லேர்ந்து ஊட்டி போற ரோட்டையே எடுத்துக்கங்க, ரோடு தேசிய நெடுஞ்சாலை, ரெண்டு பக்கமும் கொஞ்ச தூரம் நகராட்சி, அப்புறம் வெலிங்டன் கண்டோன்மென்ட் போர்டு, அது பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வர்றது, அருவங்காடு பக்கம் வந்தா ஜெகதளா பேரூராட்சி, அதத் தாண்டுனா கேத்தி பேரூராட்சி, நடுநடுவுல ரயில்வே எடம், எஸ்டேட் எடம், வனத்துறை எடம்னு மாறிட்டே இருக்கும். தப்பான ஆபீஸ்ல மனு கொடுத்தா, "இது எங்க லிமிட் இல்ல"ன்னு ஒரு வரி பதில் வர்றதுக்கே ஒரு மாசம் ஓடிரும். வீட்டுக்கு சொத்து வரி ரசீது யார் தர்றாங்களோ அவங்க தான் உங்க உள்ளாட்சி, ஆனா உங்க வீட்டு முன்னாடி இருக்கற ரோடு அவங்களோடதா இருக்கணும்னு இல்ல. ரோட்டோர கிலோமீட்டர் கல்லப் பாருங்க, தலையில மஞ்ச பெயிண்ட்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. சந்து, படிக்கட்டுன்னா டவுன் சர்வேயர் கிட்ட சர்வே நம்பர கேட்டு எழுதிக்கங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலத்துல (ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துல யாருக்குன்னு இன்னும் முடிவாகாத நிலம்) இருக்கறவங்களுக்கு இந்த சிக்கல் இன்னும் ஜாஸ்தி, அங்க கரண்ட் கம்பம் நடறதுக்கே வருஷக்கணக்கா போராடற குடும்பங்க இருக்கு, அதனால அவங்க மனுவ ஆரம்பத்துலயே கலெக்டர் வரைக்கும் கொண்டு போறது தான் சரி.

எடம் தெரிஞ்சதும் மனு. ஒரு மனுல ஒரே ஒரு பிரச்சனை தான் எழுதணும், இத நான் அடிச்சு சொல்லுவேன். சுவர், தெரு லைட், குப்பை, தண்ணி எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதுனா அது எந்த செக்ஷனுக்கும் போகாது. சுவர் எஞ்சினியரிங் செக்ஷன், குப்பை சுகாதாரப் பிரிவு, ரெண்டு பேரும் மத்தவங்க பாப்பாங்கன்னு விட்டுருவாங்க. "ரொம்ப மோசமா இருக்கு, கஷ்டப்படறோம்"னு எழுதறத விட அளவு எழுதுங்க. நாங்க தையக்கடை டேப் கொண்டு போய் அளந்தோம். நாங்க எழுதுனது இவ்வளவு தான்:

"எங்கள் வார்டில் மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் நடைபாதைப் படிக்கட்டில், 31ஆம் படி முதல் 44ஆம் படி வரை இடது பக்கத் தடுப்புச் சுவர் 22 அடி நீளம், 9 அடி உயரத்துக்குச் சரிந்துவிட்டது. மீதிச் சுவரும் வெளியே தள்ளி நிற்கிறது. இந்தப் படியை 17 குடும்பங்கள் பயன்படுத்துகின்றன, வேறு வழி இல்லை. அடுத்த மழைக்கு முன் சுவரைக் கட்டித் தரும்படியும், அதுவரை மணல் மூட்டை அடுக்கித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறோம்."

கீழ 17 வீட்டுலயும் கையெழுத்து. கூட நாலு போட்டோ, பிரிண்ட் போட்டு. போட்டோ எடுக்கறப்ப சுவர் பக்கத்துல ஒரு ஆள நிக்க வைங்க, இல்ல ஒரு குடைய சாத்தி வைங்க, அப்ப தான் எவ்வளவு உயரம்னு ஆபீஸ்ல உக்காந்து பாக்கறவருக்குப் புரியும். தற்காலிகமா என்ன வேணும்னு ஒரு வரி சேத்து எழுதுனது பெரிய உதவியா இருந்துச்சு, சுவர் கட்ட மாசக்கணக்கா ஆச்சு, மணல் மூட்டை அதே வாரம் வந்துருச்சு.

மனு கமிஷனர் பேருக்கு போகணும், பேரூராட்சின்னா செயல் அலுவலர். நகல் நகர்மன்றத் தலைவருக்கும் உங்க கவுன்சிலருக்கும். தபால் செக்ஷன்ல கொடுத்துட்டு அப்படியே திரும்பி வந்துராதீங்க, உங்க ஜெராக்ஸ் காப்பில தேதியோட சீல் வாங்குங்க. "விட்டுட்டுப் போங்க, நான் போட்டு வைக்கறேன்"னு சொன்னா பொறுமையா நின்னு வாங்கிட்டு வாங்க, சண்டை வேண்டாம். போக முடியாதவங்க ரிஜிஸ்டர் தபால்ல ஒப்புகை அட்டையோட அனுப்பலாம். அந்த சீல் போட்ட காப்பி தான் இனிமே எல்லாத்துக்கும் ஆதாரம், எங்க தெருவுல அத லேமினேட் பண்ணியே வச்சிருக்கோம், அடுத்தடுத்த மனுல எல்லாம் "பார்வை"ன்னு போட்டு அந்த தேதிய குறிப்பிடுவோம்.

எப்ப கொடுக்கறதுங்கறதுலயும் விஷயம் இருக்கு. எல்லாரும் அக்டோபர், நவம்பர்ல மழை கொட்டறப்ப ஓடறாங்க, அப்ப ஆபீஸ்ல மொத்த பேரும் மண்சரிவு, மரம் விழுந்ததுன்னு அலையறாங்க. ஏப்ரல், மே சீசன்ல போனா டூரிஸ்ட் கூட்டம், மலர் கண்காட்சி, விஐபி வருகைன்னு யாரும் சீட்ல இருக்க மாட்டாங்க. மழை முடிஞ்சு, பனி விழ ஆரம்பிக்கற டிசம்பர், ஜனவரி தான் சரியான நேரம். மார்ச்சுக்குள்ள பட்ஜெட் போடணும், அப்ப உங்க வேலை லிஸ்ட்ல இருந்தா ஏப்ரலுக்கு அப்புறம் எஸ்டிமேட், டெண்டர்னு நகரும். இங்க ஜேசிபி கொண்டு வந்து மண்ண வெட்டறதுக்கே தனியா அனுமதி வேணும், அதுக்கும் நாள் ஆகும், இதெல்லாம் கணக்குல வச்சுக்கங்க. ஆனா ஆபத்து இப்பவே கண்ணு முன்னாடி இருந்தா மாசம் பாக்காதீங்க, 1077க்கு போன் பண்ணுங்க, அது மாவட்ட பேரிடர் கன்ட்ரோல் ரூம். 2009 நவம்பர் மண்சரிவுல இந்த மாவட்டத்துல 40 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அத பாத்தவங்க யாரும் விரிசல் விட்ட மண்ண அலட்சியமா பாக்க மாட்டாங்க.

அடுத்தது கவுன்சிலர். 2016 அக்டோபர்லேர்ந்து 2022 வரைக்கும் நமக்கு கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் தான் இருந்தாங்க, அப்ப தெரு லைட் எரியலன்னா யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம தவிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 2022 பிப்ரவரி 19 தேர்தல் நடந்த பிறகு தான் ஊட்டில 36, குன்னூர்ல 30, கொடைக்கானல்ல 24 வார்டுக்கும் ஆள் வந்தாங்க. மன்றக் கூட்டத்துல நாம எழுந்து பேச முடியாது, பேசப் போறது அவங்க தான். அதனால கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே மனு காப்பிய கைல கொடுத்து, "அக்கா, இத அஜெண்டால கொண்டு வாங்க, முடியலன்னா கூட்டத்துல கோரிக்கையாவது வைங்க, மினிட்ஸ்ல பதிவாகணும்"னு தெளிவா கேளுங்க. தீர்மானமா நிறைவேறுனா அதோட நம்பரும் தேதியும் வாங்கிக்கங்க. கவுன்சிலர் எந்தக் கட்சின்னு பாத்துப் பேசாதீங்க, படி எல்லாருக்கும் தான்.

நிதி இல்லன்னு சொல்லுவாங்க, நிறைய நேரம் அது உண்மையும் கூட. அப்ப வேற வழிய நாமளே கேட்கணும். நீலகிரின்னா எச்ஏடிபின்னு எல்லாரும் சொல்ற மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருக்கு, நடைபாதை, தடுப்புச் சுவர் வேலை நிறைய அதுல தான் நடக்குது. எம்எல்ஏ தொகுதி நிதி இருக்கு. நமக்கு நாமே திட்டத்துல பெரும்பாலான வேலைக்கு மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதிய அரசு போடும், நல்லா இருக்கற வீடுங்க, கடைக்காரங்க, ஊர் சங்கம் இருக்கற தெருவுல அது நடக்கும், தினக்கூலிக்கு போற லைன் வீட்டு ஜனங்க கிட்ட போய் காசு கேட்கறது எனக்கு சரின்னு படல.

ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கறது பாதி பேருக்கு தெரியாது. கிராமத்துல கிராம சபை மாதிரி நகராட்சி வார்டுக்குள்ள அது, கவுன்சிலர் தான் தலைவர், 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு தான் மொத மொத நடந்துச்சு. எப்ப, எந்த எடத்துலன்னு கவுன்சிலர் கிட்ட கேட்டுட்டே இருங்க, அங்க சொல்றது எழுதப்பட்டுச்சான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. நகராட்சி, பேரூராட்சி இல்லாம ஊராட்சில இருக்கற ஹட்டிக்காரங்களுக்கு (ஹட்டின்னா படுகர் கிராமம்) கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவ, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். தெரு லைட்னா கம்பத்துல எழுதியிருக்கற நம்பர குறிச்சு சொல்லுங்க, பல்பு நகராட்சி, கம்பமும் லைனும் மின்வாரியம், லைன்ல கோளாறுன்னா மின்னகம் 94987 94987. எங்க பக்கம் லைட் எரியாத மூலையில காட்டெருமை நிக்கறது இருட்டுல தெரியாது, மூச்சு விடற சத்தம் கேட்டு தான் நிப்போம், அதனால லைட் மனுல "வனவிலங்கு நடமாட்டம் உள்ள பகுதி"ன்னு மறக்காம எழுதுங்க, வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்கும் ஒரு காப்பி. குப்பைக்கு, வண்டி வராத சந்துன்னா எந்த எடத்துல எத்தன மணிக்கு வாங்குவாங்கன்னு சுகாதார ஆய்வாளர் கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, ராத்திரியே கொண்டு போய் வச்சா கரடியும் பன்னியும் தான் முன்னாடி வரும். தண்ணிக்கு காலண்டர்ல தண்ணி வந்த நாள வட்டம் போடுங்க, எத்தன நிமிஷம்னும் எழுதுங்க, மூணு மாசத்து காலண்டர போட்டோ எடுத்து மனுல சேத்தா யாரும் "ரெகுலரா தான் விடறோம்"னு சொல்ல முடியாது. சாயற மரத்த நகராட்சி தானா வெட்ட முடியாது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955லேர்ந்தே இருக்கு, அதுக்கு ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்லயும் மனு கொடுக்கணும்.

ஒரு மாசம் ஆகியும் அசையலன்னா மேல போகணும். 1100க்கு போன் பண்ணா முதல்வரின் முகவரில மனு எண் கொடுப்பாங்க, பதில் திருப்தி இல்லன்னா அந்த எண்ண சொல்லி திரும்பவும் போடுங்க. திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் நாள் இருக்கு, ஆனா பந்தலூர்லேர்ந்து ஊட்டி வந்து போறதுக்கும், கொடைக்கானல்லேர்ந்து திண்டுக்கல் இறங்கி ஏறறதுக்கும் ஒரு நாள் கூலி போயிரும், அதனால தெருவுக்கு ஒருத்தர அனுப்பி பஸ் செலவ பிரிச்சுக்கங்க.

அதுவும் நடக்கலன்னா தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. "ஏன் செய்யல"ன்னு கேட்காதீங்க, அதுக்கு பதில் வராது. "இந்த தேதில நாங்க கொடுத்த மனு மேல என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, அதோட ஃபைல் குறிப்பு நகல், எஸ்டிமேட் போட்டிருந்தா அதோட நகல்"னு ஆவணமா கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல இருக்கற மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு. எங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படல, மனு போட்ட மூணாவது வாரமே ஏஇ (உதவிப் பொறியாளர்) சார் டேப்போட வந்து நின்னாரு.

கடைசியா, வேலை ஆரம்பிச்சதும் வீட்டுக்குள்ள போயிராதீங்க. எஸ்டிமேட் காப்பிய வாங்கி வச்சுக்கங்க, எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்னு அதுல இருக்கும். எங்க பழைய சுவர் விழுந்ததுக்கு காரணம் மழை மட்டும் இல்ல, கட்டுனப்ப தண்ணி வெளிய வர்ற பைப் ஓட்டை ஒண்ணு கூட விடல, பின்னாடி ஊறுன மண்ணு தண்ணியோட சேந்து சுவர தள்ளிருச்சு. புதுச் சுவர்லயும் மொத ரெண்டு வரிசை பைப் இல்லாம தான் ஏத்துனாங்க. எதிர்வீட்டு பாட்டி தான் அத கவனிச்சு, கல்லு அடுக்கறவர் கிட்ட "தம்பி, தண்ணி எந்த வழியா போகும்"னு கேட்டாங்க. அவர் மேஸ்திரிய கூப்பிட்டாரு, மேஸ்திரி ஏஇக்கு போன் பண்ணாரு, மறுநாள் மேல் வரிசைய பிரிச்சு, அஞ்சடிக்கு ஒண்ணுன்னு பைப் வச்சு, பின்னாடி ஜல்லி நிரப்பி கட்டுனாங்க. அடுத்த ஐப்பசில மொத பெரிய மழை பெஞ்ச அன்னிக்கு நாங்க குடையோட இறங்கிப் போய் பாத்தோம், எல்லா பைப்லயும் செம்மண் தண்ணி ஊத்திட்டு இருந்துச்சு. அதையும் போட்டோ எடுத்து அந்த ஃபைல்லயே வச்சிருக்கோம்.