டவர் வீக்கா? பவரில் கை வைக்காதீர்கள்

சிக்னல் சரியில்லை என்று புகார் வந்தால் செல்போன் டவர்களைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகள் முதலில் கூட்டுவது பவரைத்தான். இராமநாதபுரம் கரையோரத்தில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. உள்ளே பரமக்குடிப் பக்கம் என்றால் கட்டடமும் சீமைக்கருவேலும் சிக்னலில் பாதியைத் தின்றுவிடும், தேவிபட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் ஆன்டெனாவுக்கு முன்னால் என்ன இருக்கிறது? வெறும் தண்ணீர்தான். சிக்னல் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போய், கரை வளைகிற இடத்தில் அடுத்த ஊர்க்காரன் டவரின் எல்லைக்குள் இரைச்சலாக நுழையும். 4ஜியில் பெரும்பாலும் பக்கத்து டவர்களும் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. நீங்கள் 3 டெசிபல் கூட்டினால் பவர் இரண்டு மடங்கு, சரி, அவனும் 3 கூட்டினால்? மீன் ஏலத்தில் எல்லாரும் சேர்ந்து கத்துகிற கதைதான்.

முதலில் டில்ட்டை, அதாவது ஆன்டெனா கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பாருங்கள். 40 மீட்டர் உயரத்தில் டில்ட் பூஜ்ஜியமாக இருந்தால் கற்றையின் நடு நேராக அடிவானத்துக்குப் போகும், 2 டிகிரி சாய்த்தால் 1,150 மீட்டர் வாக்கில் தரையைத் தொட்டுவிடும். கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு செக்டரை (டவரில் ஒரு திசையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி) மட்டும் நிமிர்த்தி வைக்கலாம், மூன்றையும் அல்ல.

"அண்ணே, நாலு கோடும் இருக்கு, நான் பேசுறதுதான் அங்க கேட்கல" என்று நாட்டுப்படகிலிருந்து ஒருவர் சொன்னால் அதுவும் டவர் பவரைக் கூட்டி வைப்பதால் வருகிற நோய்தான். டவர் 40 வாட்டில் கத்தலாம், 4ஜி போன் சாதாரணமாக 0.2 வாட்டுக்கு மேல் போகாது.

கோடையில் சில நாள் கடல்மேல் சூடான காற்றடுக்கு படிந்து சிக்னலை வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும். அன்றைய அளவை மட்டும் நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

அப்புறம் பூஸ்டர், கட்டடத்துக்குள் சிக்னலைப் பெருக்க ஆட்கள் தாங்களே மாட்டிக்கொள்ளும் பெட்டி. இராமேஸ்வரத்தில் ஒரு செக்டரில் மட்டும் அப்லிங்கில், அதாவது போனிலிருந்து டவருக்கு வரும் பாதையில், இரைச்சல் ஏறியே கிடந்தது, திசை ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, பொழுது சாயும்போது ஒரு லாட்ஜ் மாடியில் போய் நின்றோம். அங்கே ஒரு பூஸ்டர், அதன் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் இரண்டடி தள்ளி, நடுவில் ஒரு தகரம்கூட இல்லை. ஸ்பீக்கர் முன்னால் மைக்கைப் பிடித்தால் ஊளையிடுமே, அதேதான். அனுமதியில்லாமல் இதை வைப்பது சட்டப்படி குற்றம் என்பது லாட்ஜ்காரருக்குத் தெரியவே தெரியாது. சுவிட்சை அணைத்ததும் திரையில் இரைச்சல் சட்டென்று இறங்கியது.

"அப்போ என் ரூம்காரங்க எப்படிப் பேசுவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. லாட்ஜில் வைஃபை இருந்தது, போனில் வைஃபை காலிங்கை (வைஃபை வழியாகவே பேசும் வசதி) ஆன் செய்து காட்டிவிட்டு இறங்கினோம்.