முக்குளித்தவர் மேலே வராதபோது செய்ய வேண்டியவை

கடலடியில் இணையாகச் சென்றவர் கண்ணில் படவில்லை என்றால், அவரைக் கீழேயே தேடுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக்கூடாது என்று ஸ்கூபா பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்தே முழுவட்டமாகத் திரும்பி, மேலும் கீழும் பார்த்து, காற்றுக்குமிழிகள் எங்கேனும் எழுகின்றனவா என்று கவனித்தும் பயனில்லையெனில், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் மேலேற வேண்டும். கட்டாய அழுத்தக்குறைப்பு நிறுத்தம் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலேறும் வழியில் குறித்த ஆழத்தில் காத்திருப்பது) இருந்தால் அதைத் தவிர்க்கக்கூடாது. பல சமயங்களில் காணாமற்போனவரும் இதே விதிப்படி மேலே வந்து மிதந்துகொண்டிருப்பார்.

அங்கும் அவர் இல்லையெனில் உடனே படகுக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த கருவியை மாட்டிக்கொண்டு யாரேனும் மறுபடி குதிப்பதுதான் இத்தருணத்தில் நிகழும் பெரிய பிழை என்பேன். பொறுப்பேற்பவர் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் படகிலேயே இருந்து, காணாமற்போனவர் கடைசியாகக் காணப்பட்ட நேரம், இடம், ஆழம், சென்ற திசை ஆகியவற்றை எழுதிக்கொண்டு, அந்த இடத்தில் எடை கட்டிய மிதவையைப் போட்டு, ஜி.பி.எஸ். புள்ளியைப் பதிய வேண்டும். காணாமற்போனவரோடு இணையாகச் சென்றவரைத் திரும்பக் கீழே அனுப்பாமல், அருகில் உட்காரவைத்து, காணாமற்போனவரிடம் எவ்வளவு காற்று மிச்சமிருந்தது, அவர் சோர்ந்திருந்தாரா என்று நிதானமாகக் கேட்க வேண்டும்.

கீழே உள்ள மற்றவர்களைத் திரும்ப அழைக்கும் ஒலிக்குறிப்பு கொடுத்து, பெயர் சொல்லி, முகம் பார்த்து ஆளெண்ண வேண்டும். எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து: 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பிய படகினர், அதை உணர இரண்டு நாள் ஆயிற்று.

படகின் வி.எச்.எஃப். வானொலியில், அவசர அழைப்புகளுக்கான 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையை அழைப்பதைத் தேடல் தோற்கும்வரை தள்ளிப்போடக்கூடாது. ஆள் கிடைத்துவிட்டால் அழைப்பை ரத்து செய்துகொள்ளலாம். இழந்த அரைமணி நேரத்தை மீட்க முடியாது. இதனிடையே உயரமான இடத்தில் நிற்கும் இருவர், நீரோட்டம் போகும் திசையில் தலையோ குமிழியோ தெரிகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கீழே ஆட்கள் இருக்கும்வரை படகின் எஞ்சினை இயக்கக்கூடாது.

நீருக்கடியில் தேடப் போகிறவர்கள் போதிய காற்றும், அழுத்தக்குறைப்பு நிறுத்தம் தேவைப்படாமல் கீழே இருக்கக்கூடிய நேரமும் மீதமுள்ள, பயிற்சி பெற்ற இருவராக இருக்க வேண்டும்; திரும்பி வரவேண்டிய நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கலங்கிய நீரில் மிதவையின் எடையோடு கயிற்றைக் கட்டி, வட்டமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று கயிற்றை நீட்டித் தேடுவதே நம்பத்தக்கது.

நினைவிழந்த நிலையில் கண்டெடுத்தால் மேலே கொண்டுவந்து, எடைகளை நீக்கி, மிதக்கச்செய்து, படகுக்கு விரைய வேண்டும். படகின் தளத்தில் ஏற்றியதும் மூச்சு இல்லையெனில், பெற்ற பயிற்சிக்கேற்ப 2 அல்லது 5 செயற்கை மூச்சுகளில் தொடங்கி, 30 மார்பழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் தொடர வேண்டும். நினைவின்றி மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தூய ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். தெளிந்தெழுந்து நலமாகப் பேசினாலும் மருத்துவமனைக்குச் செல்லாமல் விடக்கூடாது.

அவருடைய கருவிகளைப் பிரிக்கவோ கழுவவோ கூடாது. சிலிண்டர் அழுத்தத்தைக் குறித்து, வால்வை எத்தனை சுற்றுச் சுற்றி மூடினோம் என்பதையும் எழுதி, ஆழத்தையும் நேரத்தையும் பதியும் அவருடைய முக்குளிப்புக் கணினியோடு சேர்த்து அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால், பொறுப்பு மீட்புப் படையினரிடம் மாறும்வரை படகு அவ்விடத்தை விட்டு அகலக்கூடாது.