எந்த வேலைய வெளிய குடுக்கலாம், எத நம்மளே பாக்கணும்?

சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் சின்னதா பலகாரக் கடை, என்னையும் சேத்து அஞ்சு பேரு. புதுசா தொழில் தொடங்குறவங்க எங்கிட்ட கேட்டா ஒண்ணுதான் சொல்வேன், கஸ்டமருக்குப் பதில் சொல்ல அடுப்படிய எட்டிப் பாக்கணுமா? ஆமான்னா அந்த வேலைய வெளிய விடாதீங்க.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது. ஒரு தீபாவளிக்கு வாட்ஸ்அப்ல ஆர்டர் குவியுது, சமாளிக்க முடியலன்னு பதில் போடுற வேலைய ஒரு ஏஜென்சிக்கு விட்டேன். பழைய கஸ்டமர் ஒரு அக்கா "தம்பி, போன வருஷம் மாதிரியே அஞ்சு டப்பா முறுக்கு"ன்னு அனுப்பிருக்காங்க, அவங்க வீட்டுல எள்ளு ஒத்துக்காதுன்னு எங்க கவுண்டர்ல நிக்கிற பொண்ணுக்குத் தெரியும், ஏஜென்சிக்கு எப்படித் தெரியும்? எள்ளு போட்டது ஈசூன் வரைக்கும் போயி அப்படியே திரும்பி வந்துச்சு, டெலிவரி காசும் போச்சு.

தேதியும் விதியும் வச்சு ஓடுற வேலைனா தாராளமா வெளிய குடுங்க. சம்பளக் கணக்கு, சிபிஎஃப் (வேலையாளுங்க ஓய்வுக்காலச் சேமிப்புக்குக் கட்டுறது, அடுத்த மாசம் 14க்குள்ள கட்டிடணும், 55 வயசு வரைக்கும் சிங்கப்பூரருக்கு நம்ம பங்கு 17 சதவீதம்), ஜிஎஸ்டி, இதெல்லாம் யார் போட்டாலும் ஒரே விடைதான். பிரைவேட் லிமிடெட்னா பதிஞ்ச 6 மாசத்துக்குள்ள கம்பெனி செக்ரட்டரி (சட்டப்படி வைக்கவேண்டிய பதிவுகளப் பாத்துக்குறவர்) போடணும், ஒரே ஒரு டைரக்டர்னா அவரே அதையும் பாக்க முடியாது, அதனால பெரும்பாலும் வெளியாள்தான்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கவுண்டர்ல ஒரு நோட்டு வைங்க. வர்ற ஒவ்வொரு கேள்விக்கும் நேரா பதில் சொன்னீங்களா, உள்ள போய்க் கேட்டீங்களான்னு ஒரு டிக். விலை, கடை நேரம் இதுக்கெல்லாம் ஆட்டோ ரிப்ளையே போதும், சும்மா காசு குடுக்காதீங்க.

கஸ்டமர் டேட்டாவ வெளிய குடுத்தாலும் பிடிபிஏங்குற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு நம்ம தலைலதான். 500 பேர் இல்ல அதுக்கு மேல விவரம் கசிஞ்சா அந்தச் சட்டத்தப் பாத்துக்குற ஆணையமான பிடிபிசிக்குச் சொல்லியாகணும், அப்படிச் சொல்லவேண்டிய கசிவுதான்னு தெரிஞ்சதும் 3 நாள்தான் டைம், அதனால கசிஞ்சா உடனே எங்களுக்குச் சொல்லணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க. வாட்ஸ்அப் நம்பரும் உங்க பேர்லயே இருக்கட்டும். ட்ரையல் பாக்குறதா இருந்தா ஆர்டர் கம்மியா இருக்குற மாசத்துல பாருங்க, என்னைய மாதிரி தீபாவளி நேரத்துல போய் ஆரம்பிக்காதீங்க.

இப்ப சீசனுக்கு பாலிடெக்னிக் பசங்க ரெண்டு பேர பார்ட் டைமா கவுண்டர் பக்கத்துலயே உக்கார வைக்கிறேன், சந்தேகம்னா திரும்பி அந்தப் பொண்ணக் கேட்டுக்குறாங்க.