ஆஷ்வில்: காலையில் மலை, மாலையில் பீர். முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட கரோலினா மாநிலத்தின் மேற்கில், ப்ளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஆஷ்வில். காரில் சார்லட்டிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், அட்லாண்டாவிலிருந்து மூன்றரை. அந்த ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் ஒரு வார இறுதியிலேயே போய் வந்துவிடலாம். மலை நடை, சாப்பாடு, பீர் மூன்றுக்கும் பேர்போன ஊர் இது. மூன்றையும் ஒரே நாளில் அனுபவிக்க முடியும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் மலை, அப்புறம் சாப்பாடு, கடைசியில்தான் பீர். வளைவு வளைவான மலைச்சாலையில் குடித்துவிட்டு ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

படி 1: நடக்கும் தூரத்தில் தங்குங்கள்

நெடுஞ்சாலை ஓரத்து விடுதிகள் மலிவாகக் கிடைக்கும். இருந்தாலும் ஊரின் மையத்தில், சவுத் ஸ்லோப் பகுதிக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். பீர் தயாரித்து அங்கேயே பரிமாறும் ப்ரூவரிகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. மாலையில் காரை நிறுத்திவிட்டால் மறுநாள் காலை வரை சாவியைத் தொடவே வேண்டாம்.

படி 2: உயரத்தைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊர் 2,100 அடி உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் மவுண்ட் மிட்செல் 6,684 அடி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. இந்த வித்தியாசத்தால், ஊரில் டிஷர்ட் போதும் என்கிற நாளில் உச்சியில் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. இலை நிறம் மாறுவதும் இப்படித்தான். அக்டோபர் தொடக்கத்தில் உச்சியில் ஆரம்பித்து, மெல்லக் கீழே இறங்கி, மாதக் கடைசியில்தான் ஊருக்கு வரும். ஆகவே அக்டோபரில் எந்த வாரம் போனாலும் ஏதோ ஓர் உயரத்தில் நிறம் கிடைக்கும். நடக்கவும் பூப் பார்க்கவும் ஆசை என்றால் ஜூன் நடுவில் போங்கள். மேலே ரோடோடெண்ட்ரான் என்ற மலைப்புதர் பூக்கும் காலம் அது.

படி 3: முதல் மலை நடை, கிராகி பினக்கிள்

ப்ளூ ரிட்ஜ் பார்க்வே 469 மைல் நீளமுள்ள சாலை. நுழைவுக் கட்டணம் இல்லை. வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல்தான். சாலையில் பெட்ரோல் பங்க் ஒன்றுகூட இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. டேங்கை நிரப்பிக்கொண்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடங்களை மைல்கல் எண்ணால்தான் சொல்வார்கள். வடக்கே போகப் போக எண் குறையும். இது தெரிந்திருந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்ற குழப்பம் வராது.

கிராகி பினக்கிள் 364-ஆம் மைல்கல்லில். ஒரு வழி முக்கால் மைல்கூட இல்லை, குழந்தைகளும் ஏறலாம். பாதையின் கீழ்ப்பகுதியில் ரோடோடெண்ட்ரான் கிளைகள் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு தலைக்கு மேல் கூரைபோல் கூடி நிற்கும். வெயில் துண்டு துண்டாகத்தான் தரைக்கு வரும். அதைத் தாண்டினால் நாலாபுறமும் மலைகள், பின்னால் உள்ளவை போகப் போக நீலம் வெளிறிக்கொண்டே போகும். எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயல் இந்தச் சாலையைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. கிளம்புமுன் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

கோடையில் போனால் பிஸ்கா காட்டில் இருக்கும் ஸ்லைடிங் ராக். அறுபது அடி வழுவழுப்பான பாறையில் அருவித் தண்ணீரோடு சறுக்கிக் குளத்தில் விழலாம். தண்ணீர் சில்லென்று இருக்கும், நீச்சல் தெரியாதவர்கள் வேடிக்கை பார்த்தால் போதும்.

படி 4: வயிறாரச் சாப்பிடுங்கள்

வெறும் வயிற்றில் பீர் வேண்டாம். பன்றி இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு இந்த மாநிலத்தின் பார்பிக்யூ கட்டாயம். மணிக்கணக்கில் புகையில் வெந்த கறியில் வினிகர் கலந்த சாஸ் ஊற்றுவார்கள். புளிப்பும் காரமும் நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். சைவம் என்றால் சாய் பானி. 2022-இல் அமெரிக்காவின் சிறந்த உணவகத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்ற இந்தியக் கடை இது, முக்கியமாகச் சாட் வகைகள். மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சை பிழிந்து தரும் வெண்டைக்காயை விட்டுவிடாதீர்கள்.

படி 5: பீரை ருசித்துக் குடியுங்கள்

வயது 21 ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட் அல்லது அமெரிக்க ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். முதலில் ஹைலாண்ட் ப்ரூவரி. 1994-இல் ஆஸ்கர் வாங் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஊர் மையத்தில் ஒரு நிலவறையில் ஆரம்பித்தது. இந்த ஊரின் பீர்க் கதையே அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய ஹைலாண்ட் ஊருக்குக் கொஞ்சம் வெளியே இருப்பதால் டாக்ஸியில் போங்கள். திரும்பி வந்து சவுத் ஸ்லோப்பில் நடக்கலாம்.

எடுத்த எடுப்பில் முழுக் கிளாஸ் வாங்காதீர்கள். 'ஃப்ளைட்' என்று கேட்டால் நாலைந்து சின்னக் கிளாஸ்களில் வெவ்வேறு பீர் வரும். லேசானதில் தொடங்குங்கள்: முதலில் லாகர், அடுத்து ஹைலாண்டின் கேலிக் ஏல் போன்ற செம்பழுப்பு வகை, பிறகு கசப்பான ஐபிஏ, கடைசியில் கறுப்பு ஸ்டவுட். ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் கசப்பு நாக்கில் தங்கி மற்றதன் ருசியை மறைத்துவிடும். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாய் குடியுங்கள். ஐபிஏவில் வரும் பழவாசனை பெரும்பாலும் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவிலிருந்து வருவது, ஸ்டவுட்டின் காப்பி வாசம் கருக வறுத்த பார்லியிலிருந்து. நடுநடுவே தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம்.

பீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆஷ்வில்லுக்கு மலைக்காட்டு நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீர் உப்பு குறைந்த மென்னீர். ஹெலீன் புயலுக்குப் பிறகு இந்த ஊர்க் குழாய்களில் 53 நாள் குடிநீர் வரவில்லை. தண்ணீரே இல்லாமல் ப்ரூவரிகளும் ஓட்டல்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆற்றோரத்து ஓவியர் கூடங்கள் பலவும் வெள்ளத்தில் போயின. அதனால் செலவழிக்கிற பணத்தை உள்ளூர்க்காரர்களின் கடைகளிலேயே செலவழியுங்கள், பரிமாறுகிறவர்களுக்கு டிப்ஸ் தாராளமாகக் கொடுங்கள்.

ஃப்ளைட்டில் எது பிடித்ததோ அதை மட்டும் ஒரு முழுக் கிளாஸ் வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா, கேனாகவே விற்பார்கள். வாங்கி டிக்கியில் வையுங்கள், வீடு போகும்வரை திறக்கக் கூடாது.